அது, அவங்க, யூ

1

இந்த மாதத்தோடு நானும் என் மகளும் இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருடம் முடிகிறது. மெட்ராஸிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிர் பழகிவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது. இன்னும் பழகாத ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மந்தைவெளியில் பெண்கள் துணி தைக்கும் கடை வைத்திருந்தேன். இங்கே ஒரு சலவைக் கடையின் பின்னறையில் கால்சட்டைகளை நீளம் குறைத்துக் கொடுக்கிறேன். எதிரே ஆள் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகள் ரேவதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ஒரு கிழவரும் ஒரு நாயும் படகில் போகிற கதை. அதில் ஆள் பெயருக்குப் பதிலாக வரும் சொற்களை எல்லாம் வட்டம் போட வேண்டும். ஹீ, ஷீ, தே எல்லாம் சிவப்பு. மைன், ஹெர்ஸ் என்று உரிமையைச் சொல்பவை பச்சை. ஹிம்செல்ஃப் நீலம். ஹூ, விச் எல்லாம் மஞ்சள். தரையில் குப்புறப் படுத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அப்பா, தமிழ்ல எத்தன யூ இருக்கு?"

"ரெண்டு. நீ, நீங்க."

"எதுக்கு ரெண்டு?"

என் மனைவி மல்லிகா அந்தப் பக்கம் தன்னுடைய நர்ஸ் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் மெட்ராஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

மல்லிகா அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அங்கிருந்த நர்ஸுகளின் வெள்ளை உடுப்பெல்லாம் என் கடைக்குத்தான் வரும். எனக்குக் கூச்சம் அதிகம். பெண்களின் மேல் நாடா வைத்து அளவெடுக்க மாட்டேன், பழைய உடுப்பு ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். மல்லிகாதான் ஒரு நாள் "இவருக்கு முன்னாடி நான் நிக்கறதே இவருக்குத் தெரியல" என்று கூட வந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கல்யாணம். படித்த பெண்ணுக்கு இந்த டெய்லரா என்று தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ரேவதிக்கு நாலு வயது இருக்கும்போது மல்லிகாவுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. "ஒரு வருஷத்துல உங்க ரெண்டு பேரையும் கூப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வருடம் ஒன்று தாண்டியும் அந்தக் காகிதம் வரவில்லை, இந்தக் காகிதம் வரவில்லை என்று இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் செய்வாள். நானும் ரேவதியும் தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு, யாரோ நேரில் வருகிற மாதிரி போய் உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேவதி ரிசீவரைக் காதில் வைத்தாள். மல்லிகாவின் குரல் எனக்கே கேட்டது.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?"

ரேவதி ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "அவங்க பேசமாட்டேங்கறாங்கப்பா."

நான் வாங்கினேன். மல்லிகா மெதுவாகக் கேட்டாள். "யாரு அதுக்கு இப்டிப் பேசச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல."

"என்னாண்ட நீன்னுதானே பேசும்? ரேஷன் கடைக்காரன்கிட்ட பேசற மாதிரி பேசுது. சீக்கிரம் வந்து சேருங்க. இன்னும் லேட்டாச்சுன்னா எனக்குக் கும்புடு போட்டுடும்."

சிரித்துக்கொண்டே சொல்வது போலத்தான் சொன்னாள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை ‘நீ’ என்றுதான் சொல்லும். ‘நீங்க’ என்பது டீச்சருக்கு, டாக்டருக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு. ரேவதி இன்றைக்கும் என்னை ‘நீ’ என்றுதான் சொல்கிறாள். அம்மா மட்டும் அந்த ஒன்றரை வருடத்தில் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’வுக்குப் போய்விட்டாள். அதை யாரும் முடிவு செய்யவில்லை, தானாக நடந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். விசா எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு தூரம் பிள்ளை தாயை விட்டுப் போகிறது.

3

ஒருவழியாக விசா அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மல்லிகாவின் தம்பி கோபால் ஆட்டோ ஓட்டுகிறவன். என்னை அவன் ஆட்டோவில்தான் அழைத்துப் போனான். வழியெல்லாம் புத்தி சொன்னான்.

"மாமா, தமிழ்ல பேசுனேன்னு வெச்சுக்கோ, இவன் அங்க போய் இன்னா கிழிக்கப் போறான்னு நெனச்சுக்குவான். நாலு வார்த்தனாலும் இங்கிலீஷ்ல வுடு. ‘மைசெல்ஃப்’னு ஆரம்பி. மீதி தானா வந்துகினே இருக்கும்."

தானாக வரவில்லை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளம் வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். "தமிழ் வேணுமா?" என்று கேட்டார். கோபால் சொன்னது ஞாபகம் வந்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

உங்கள் மனைவி இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். வொய்ஃப் என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் ‘என் பெண்டாட்டி’ என்று பட்டென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நம்மூரில் ஆண்கள் என்ன சொல்வோம்? ‘வீட்ல கேக்கணும்’, ‘வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க’. அதையே இங்கிலீஷில் மாற்றினேன்.

"மை ஹவுஸ் இஸ் இன் இங்கிலாந்து சார்."

அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். இங்கிலாந்தில் உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டார்.

"யெஸ் சார். மை ஹவுஸ் இஸ் நர்ஸ்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவியைத்தான் சொல்கிறீர்களா என்றார்.

"யெஸ் சார். இட் இஸ் வெரி குட். இட் இஸ் டூயிங் நைட் டியூட்டி. இட் இஸ் டெலிஃபோனிங் எவ்ரி சண்டே."

அவர் நிதானமாகக் கேட்டார். "வொய் டு யூ கால் யுவர் வொய்ஃப் இட்?"

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கேள்வி புரியவில்லை. எங்கள் தெருவில் ‘அது டூட்டிக்குப் போயிருக்கு’, ‘அது இன்னும் சாப்புடல’ என்று சொன்னால் பிரியமாகப் பேசுகிறான் என்று அர்த்தம். மனைவி, தங்கச்சி, குழந்தை எல்லாம் ‘அது’தான். ‘அவ எங்க போனா?’ என்று ஒருவன் கேட்டால் வீட்டில் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எழுதும்போது ‘அவள்’ என்று எழுதுகிறேன், அச்சில் அதுதான் வழக்கம். வாயால் சொன்னதில்லை. இதை அந்த ஜன்னலில் நின்றுகொண்டு எந்த பாஷையில் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சத்தில் குனிவதும் பொய் சொல்லிவிட்டுக் குனிவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்ட இன்னும் ஆதாரம் வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். காகிதங்களைத் திருப்பித் தரும்போது அந்தத் தமிழ் அம்மாள் தணிந்த குரலில் சொன்னார்.

"மனுஷங்களை இட்னு சொல்ல மாட்டாங்க சார். ஆடு, மாடு, நாற்காலிதான் இட்."

வெளியே கோபால் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன்.

"இட்டுன்னா அதுதானே? கரீட்டாத்தானே சொல்லிக்கீற மாமா! இதுல இன்னா தப்பு?"

"உங்க அக்காவ நான் நாற்காலின்னு சொல்லிட்டேன்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். "எனக்கும் இதே கதைதான். இங்க வந்த புதுசுல எங்க வார்டு சிஸ்டர்கிட்ட உங்களப் பத்திச் சொன்னேன். அவங்கன்னு மரியாதையா சொல்லணுமேன்னு ‘தே ஆர் எ டெய்லர், தே ஆர் இன் மெட்ராஸ், தே வில் கம்’னு சொல்லிக்கினே போனேன். அந்த அம்மா ரொம்ப நேரம் கேட்டுட்டு, ‘உனக்கு எத்தன புருஷன்?’னு கேட்டுச்சு."

நான் அவளை ‘அது’ ஆக்கிவிட்டேன், அவள் என்னைக் கூட்டமாக்கிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது ரேவதி பூத்துக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசறியா?" என்று கேட்டேன். "அப்புறமா பேசறேன்னு அவங்ககிட்ட சொல்லுப்பா" என்றாள்.

4

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஜெயந்தி டீச்சர் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். என் வயதில் பாதிதான் இருக்கும். அவர் வீட்டு ரவிக்கைகளெல்லாம் நான் தைத்தவைதான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் வேலை தேடுகிற பையன்கள், பெண்கள். நான் கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தேன். எதற்காக வந்தேன் என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"டெய்லர், நீங்க ஒண்ணும் வெக்கப்படாதீங்கோ. எங்காத்துல அப்பா வெளில யாரண்ட பேசினாலும் ‘ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்’ம்பார். அம்மாவைத்தான் சொல்றார். அந்த ஜன்னல்ல எங்கப்பா போய் நின்னிருந்தாலும் இதே கதிதான்."

பலகையில் வகை வகையாக எழுதிப் போட்டார். ஆட்களைச் சொல்லும் ஐ, ஹீ, ஷீ. உரிமையைச் சொல்லும் மைன், அவர்ஸ். தன்னையே சுட்டும் மைசெல்ஃப். பக்கத்திலிருப்பதற்கு திஸ், தள்ளியிருப்பதற்கு தட். யாரென்றே தெரியாதபோது சம்படி, நோபடி. பெயரைச் சொல்லும்போது ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் திடுக்கிட்டார்கள். மெட்ராஸ் முழுக்க அப்படித்தானே ஆரம்பிக்கிறது. மனிதர்களுக்கு ஹூ, பொருளுக்கு விச். ‘தி வுமன் விச் மேரீட் மீ’ என்று நான் எழுதியதைப் பார்த்து, "மறுபடியும் மாமியைப் பொருளாக்கிட்டேளே" என்று அடித்துத் திருத்தினார்.

வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டீச்சர், இங்கிலீஷ்ல எங்க பொண்ணுன்னாலும் ‘அவர் டாட்டர்’, நம்ம பொண்ணுன்னாலும் ‘அவர் டாட்டர்’னா, ஆபீசர்கிட்ட நான் அப்டிச் சொன்னா அவருக்கும் பொண்ணுன்னு ஆயிடாதா?"

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். சிரித்து முடித்த பிறகு, "இங்கிலீஷ்ல அந்த வித்தியாசம் கிடையாது டெய்லர். கேக்கறவா புரிஞ்சுண்டுடுவா" என்றார். எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது.

நூல், கொக்கி, லைனிங் துணி வாங்க மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாகப் போவேன். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் ஹீ, ஷீ என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். கூட்டமாக வந்தால் தே. பை மட்டும் தெரிந்தால் இட். தீபாவளிக்கு முன்னால் பெண்கள் கூட்டம் தாங்காது. "ஷீ, ஷீ, ஷீ" என்று சொல்லிக்கொண்டு போனபோது முன்னால் போன ஒரு அம்மாள் திரும்பினார்.

"இன்னாய்யா, பின்னாடியே ஷீ ஷீன்னுகினு வர? நான் இன்னா கோழியா, ஓட்டிக்கினு போவ?"

அதற்குப் பிறகு மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கடையில் ரேவதியோடு விளையாட்டாகச் சொல்லிப் பார்ப்பேன். அவள் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். நான் கை காட்டுவேன், அவள் சொல்ல வேண்டும். தையல் மெஷின். "இட்." வாசலில் ஆட்டோவை நிறுத்தும் கோபால். "ஹீ." எதிர்வீட்டுப் பாப்பா. "ஷீ." சுவரில் மாட்டியிருந்த மல்லிகாவின் போட்டோவைக் காட்டினேன்.

"தே."

"தப்பு. நல்லா யோசி."

"அவங்கன்னா தேதானேப்பா? டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க."

"அம்மாவுக்கு ஷீ" என்றேன். "ஷீ" என்று உடனே சொன்னாள். எதிர்வீட்டுப் பாப்பாவுக்குச் சொன்ன அதே குரல்.

5

இரண்டாவது நேர்காணலில் வேறு அதிகாரி, ஒரு பெண். ரேவதியையும் அழைத்துப் போயிருந்தேன். ஆல்பம், கல்யாணப் பதிவுச் சான்று, மல்லிகாவின் சம்பளக் காகிதம் எல்லாம் அடுக்கிக் கொடுத்தேன். இந்த முறை தலை குனியவில்லை. "ஷீ இஸ் மை வொய்ஃப். ஷீ இஸ் எ நர்ஸ். ஷீ கால்ஸ் அஸ் எவ்ரி சண்டே." ஒரு தடங்கலும் இல்லை. அதிகாரி ஆல்பத்தில் கோபாலைக் காட்டி இது யார் என்று கேட்டார்.

"ஷீ இஸ் மை வொய்ஃப்ஸ் பிரதர்."

அவர் போட்டோவில் இருந்த மீசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த தமிழ் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை மாதம் ஷீ ஷீ என்று உருப்போட்டதில் ஹீ என் வாயைவிட்டே போய்விட்டிருந்தது.

விசா கிடைத்தது. நான் படித்த பாடத்தால் கிடைத்தது என்று ஜெயந்தி டீச்சரிடம் சொன்னேன். உண்மையில் அந்தப் பதிவுச் சான்றால் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

6

விமான நிலையத்தில் மல்லிகா ஓடிவந்தாள். தடித்த கோட்டுக்குள் அடையாளமே தெரியவில்லை. ரேவதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். "வணக்கம்" என்று கைகூப்பினாள். எஸ்.டி.டி. பூத்தில் மல்லிகா விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. மல்லிகா அழவில்லை, அவளும் வணக்கம் சொன்னாள்.

முதல் சில மாதங்கள் வீட்டில் ‘நீங்க’ தான். "நீங்க சோறு போடறீங்களா?" "நீங்க எப்ப டூட்டிக்குப் போவீங்க?" லாட்ஜ் மானேஜரிடம் பேசுகிற மாதிரி மரியாதை. மல்லிகா திருத்தப் பார்க்கவில்லை. சொல்லி வரவழைத்தால் அது வந்ததாகாது என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ரேவதிக்கு இங்கிலீஷ் மளமளவென்று வந்தது. ஆறு மாதத்தில் அம்மாவிடம் தமிழே பேசுவதில்லை. மல்லிகா தமிழில் கேட்பாள், இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். என்னிடம் மட்டும் தமிழ், அதிலும் ‘நீ’. எனக்கு இங்கிலீஷ் போதாது என்பதால் எனக்குக் கிடைத்த சலுகை அது.

ஒரு நாள் ரேவதி பள்ளிக்குப் போன பிறகு மல்லிகா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னை ‘யூ’ங்குதே, அது எந்த யூ?"

"எந்த யூன்னா?"

"நீயா, நீங்களா?"

யாருக்குத்தான் தெரியும்? இந்த ஊரில் ராணிக்கும் யூ, பால்காரருக்கும் யூ. ஜெயந்தி டீச்சர் பலகையில் எழுதிப்போட்ட வகைகளில் இதற்கு இடம் இல்லை. எந்த யூ என்று மகளிடமே கேட்டிருக்கலாம். மல்லிகா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் பயந்த பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? ரேவதி கோபப்பட்டாலும் இங்கிலீஷ், கொஞ்சினாலும் இங்கிலீஷ். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்தத் தாளில் வட்டம் போட்டுக்கொண்டு ‘எதுக்கு ரெண்டு?’ என்று அவள் கேட்டபோது மல்லிகா என்னைப் பார்த்தது அதனால்தான்.

நேற்றுக் காலை. பள்ளி வேன் வர நேரமாகிவிட்டது. மல்லிகா நைட் டூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், உடுப்புகூட மாற்றவில்லை. ரேவதியை முன்னால் நிறுத்திப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். முடியில் பெரிய சிக்கு. மல்லிகா தூக்கக் கலக்கத்தில் சீப்பை வெடுக்கென்று இழுத்துவிட்டாள்.

"ஆ! வலிக்குதும்மா! நீ வேணும்னே இழுக்கற!"

மல்லிகாவின் கை நின்றுவிட்டது. சீப்பு முடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

ரேவதி பயந்துவிட்டாள். மரியாதை இல்லாமல் பேசியதற்கு அதட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாரி. நீங்க... இழுக்கறீங்க" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் பேசும்போது நான் நடுவில் பேசுகிறவன் இல்லை. அப்போது ரொட்டியை விட்டுவிட்டு வந்தேன்.

"மொதல்ல சொன்னதையே சொல்லு ரேவதி. அதுதான் சரி."

அவள் என்னைப் பார்த்தாள், அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

"நீ இழுக்கற" என்றாள் சந்தேகத்தோடு. பிறகு நிஜமாகவே வலித்ததோ என்னவோ, காலைத் தரையில் உதைத்து, "சீப்ப எடும்மா, நீ! வேன் வந்துடும்!" என்று கத்தினாள்.

மல்லிகா சீப்பை எடுத்துவிட்டு அவசர அவசரமாகப் பின்னினாள். கண் சரியாகத் தெரியாமல் பின்னியதில் பின்னல் கோணலாகத்தான் வந்தது. ரேவதி அப்படியே போய்விட்டாள்.